அடையாள அணிவகுப்பு

பள்ளத்தூர் கிளையில் நகை உரசிப் பார்க்கிறவள் நான்.
பத்தொன்பது வருஷம். கல்லில் ஓர் இழுப்பு,
அமிலம் ஒரு சொட்டு,
மஞ்சள் நிற்கிறதா, போகிறதா.
அவ்வளவுதான் என் படிப்பு.

அவன் கொண்டுவந்தது கழுத்திரு.
முப்பத்தைந்து உருப்படியில் நான் உரசியது மூன்று.
மூன்றும் தங்கம்.
மற்ற முப்பத்திரண்டும் செம்பு என்று
தணிக்கையில் தெரிந்த அன்று
மேலாளர் என் முகத்தைப் பார்த்தார்,
முதல்முறை பார்ப்பதுபோல.

ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள்.
தடித்த சட்டம் போட்ட கண்ணாடி என்றேன்.
நெற்றி நிறையத் திருநீறு.
தாடி, நரைத்தும் நரைக்காமலும்.
எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தி
"அதெல்லாம் சரிம்மா, மூஞ்சி?" என்றார்.
நாற்பது நிமிஷம் என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.
காப்பிகூட வாங்கிக் கொடுத்தோம்.
மூஞ்சி?

எட்டு மாதம் கழித்துத் திருப்பத்தூர் கிளைச்சிறை.
ஒன்பது பேர் சுவரோரம். மழித்த மோவாய், கழுவிய நெற்றி,
எவன் காதிலும் கண்ணாடி இல்லை.
அவித்து உரித்த பனங்கிழங்கு மாதிரி நின்றார்கள்.
"அவசரமில்லை. பார்த்துத் தொட்டுக் காட்டுங்க"
என்றார் நீதிபதி அம்மா.
முகத்தையா பார்த்தேன்? கண்ணாடியைத் தேடினேன்.
ஒவ்வொருவனுக்கும் மனசுக்குள் மாட்டிவிட்டேன்,
தாடி ஒட்டினேன், பட்டை இழுத்தேன்.
ஒன்பது பேரும் அவனாகவே ஆனார்கள்.

ஐந்தாவது ஆளின் தோளைத் தொட்டேன்.
வேர்வையில் சில்லென்றிருந்தது.
"நான் கோழி கேஸும்மா" என்றான், எனக்கு மட்டும் கேட்க.
வரிசை மாற்றினார்கள், சட்டை மாற்றினார்கள்.
இரண்டாம் முறை வேறொருவன்.
மூன்றாம் முறை கையைத் தூக்கவே இல்லை.
ஒன்பதில் ஒருவன் நிச்சயம் பெருமூச்சு விட்டிருப்பான்.
அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

காரைக்குடி பஸ்ஸில் ஏறிக் குன்றக்குடியில் இறங்கிவிட்டேன்.
வேண்டுதல் ஒன்றுமில்லை,
வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.
கிருத்திகைக் கூட்டம்.
சந்தனம் பூசிய மொட்டைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவர்
"அம்மாடா, அம்மாகிட்ட போடா" என்கிறார்.
அம்மாவுக்கும் அப்போதுதான் மொட்டை.
பிள்ளை அலறுகிறது.

பாதிப் படியில்
காவி, தாடி, தடித்த சட்டக் கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு.
ஏட்டிடம் நான் சொன்ன ஆள் அச்சு அசலாக.
நெஞ்சு அடைத்தது.
ஒரு நொடிதான்.
யாரோ போட்ட நாணயத்தை எடுத்து
நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டான்.
எங்கள் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு.
அப்புறம் இவனுக்கு.

வயிரவன்.
சீட்டுப் பணம் நாலரை லட்சத்தோடு
ஆறு வருஷத்துக்கு முன் காணாமல் போன என் தம்பி.
ஸ்டேஷனில் அவன் போட்டோ இருக்கிறது,
மீசையும் சிரிப்புமாய், மைனர்போல.
அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
இதே படியில் எத்தனை பேர் சாமி கும்பிடப் போனார்களோ.
எனக்கு அவன் தாடியும் கண்ணாடியும்
தண்ணீரில் போட்ட காகிதம்.

தொட்டுக் காட்டு என்று இங்கே யாரும் சொல்லவில்லை.
சில்லறை தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொண்டேன்.
நூறு ரூபாய் போட்டேன்.
நோட்டில் சுண்டிக் கேட்க என்ன இருக்கிறது,
இருந்தாலும் தடவிப் பார்த்தான்.
"மகராசியா இரு தாயி."
குரலையும் மாற்றி வைத்திருக்கிறான், பாவி.
பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
கட்டைவிரலால் திருநீறு அள்ளி
என் நெற்றியில் பூசினான், புருவம் மூடும்வரை,
தேவைக்கு மேலே.

இறங்கும்போது எதிரே இரண்டு பேர்.
எங்கள் கிளையில் கணக்கு உள்ளவர்கள்,
எங்கே பார்த்தாலும் நின்று பேசுகிறவர்கள்.
பேசாமல் தாண்டிப் போனார்கள்.